ஐம்பத்திரண்டு நோலீன்கள்

இதை நான் எழுதுவது பழி தீர்க்கத்தான். வேறு ஏதோ உயர்ந்த நோக்கம் இருக்கும் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் நோலீன் ப்ரௌஸ். யரிம்பா என்ற சின்ன ஊரில் ட்ரெகில்காஸ் டேங்க்ஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் தொலைபேசி எடுத்தவள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டிகள் செய்கிற கம்பெனி அது. தொட்டி விரிசல் விட்டால் எனக்குத்தான் போன் வரும். வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளே தவளை செத்துக் கிடந்தால், அதற்கும் எனக்குத்தான். "நோலீன்கிட்டச் சொல்லிட்டேன்" என்று ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னால், அந்த வீட்டில் அதற்குப் பிறகு அந்தத் தவளையைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். என்னிடம் இருந்த சொத்து அவ்வளவுதான், அந்தப் பெயர்.

இன்னொரு பதவியும் இருந்தது. யரிம்பா விவசாயக் கண்காட்சியில் ஜாம், ஊறுகாய், மார்மலேட் பிரிவுக்குப் பதினாறு வருடம் நான் தலைவி. போட்டி விதிகளை அனுப்புவது, பாட்டில்களை வாங்கி வரிசைப்படுத்துவது, நீல ரிப்பனைக் குத்துவது எல்லாம் என் பொறுப்பு. கண்காட்சிக்குத் தலைவர் மெர்வ் ஹின்ச்லிஃப். வார நாட்களில் அவர் ஷையர் கவுன்சிலில், அதாவது எங்கள் வட்டார மன்றத்தில், கொள்முதல் அதிகாரி. எங்கள் ஊரில் ஆட்கள் குறைவு, ஆளுக்கு இரண்டு நாற்காலி. மெர்வ் விதி என்றால் விதி என்பவர். ஒரு வருடம் அவர் மனைவியின் தக்காளி ஊறுகாய் நான்கு நிமிடம் தாமதமாக வந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்குப் பத்திரமாக எடுத்துப் போகச் சொன்னார்.

கதை மழையில் தொடங்குகிறது. மூன்று வருடம் விடாமல் பெய்தது. தண்ணீர் ஊருக்குள் சும்மா ஓடுகிறபோது தொட்டி யார் வாங்குவார்கள். பழைய முதலாளியின் மகன் ரோட்னி ட்ரெகில்காஸ், பத்து வயதில் என் மேசைக்கு அடியில் ஒளிந்து பிஸ்கட் தின்றவன், இப்போது நிர்வாக இயக்குநர். கோல்ட் கோஸ்ட்டில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போனான். திரும்பி வரும்போது ஜாரட் பீக் என்பவனைக் கூட்டி வந்தான். காலுறை போடாதவன். மறுநாளே எங்கள் சாமான் அறையில் இருந்த ரப்பர் வளையங்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கதவில் "வளர்ச்சிப் பிரிவு" என்று பலகை மாட்டினார்கள்.

பத்து மணித் தேநீருக்கு எல்லோரையும் கூட்டி வைத்து ஜாரட் பேசினான்.

"நம்மளைத் தெரியாதவங்களுக்கு நாமளே மின்னஞ்சல் அனுப்பப் போறோம். சில பேர் இதை ஸ்பேம்னு சொல்லுவாங்க. தப்பு. யாருக்குப் போகுதுன்னே தெரியாம அனுப்பினாத்தான் ஸ்பேம். யாருக்கெல்லாம் வேண்டாம்னு நல்லாத் தெரிஞ்சு அனுப்பறது நம்ம தொழில்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேசையில் லாமிங்டன் கேக் இருந்தது, அதற்காக.

பிறகு அவன் டொமைன் பற்றிச் சொன்னான். மின்னஞ்சல் முகவரியில் அந்தச் சுழிக்குப் பின்னால் வருகிற பெயர்தான் டொமைன் என்பது எனக்கே தெரியும். எனக்குத் தெரியாதது, அதற்கு மானம் மரியாதை உண்டு என்பது. ஒரு டொமைனிலிருந்து வருகிற கடிதங்களை ஆயிரத்தில் மூன்று பேர் ஸ்பேம் என்று அமுக்கினால் போதுமாம், அதன் பெயர் கெட ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் அதிலிருந்து யார் எழுதினாலும், பெற்ற தாய்க்கே எழுதினாலும், கடிதம் நேராக ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழும். டொமைன் எரிந்துவிட்டது என்பார்கள்.

"அதனால கம்பெனியோட மெயின் டொமைனை இதுக்குத் தொடவே கூடாது. அது கோயில்" என்றான் ஜாரட். "எரிக்கறதுக்குன்னே தனியா வாங்கணும். அதே மாதிரி இருக்கணும், ஆனா அதுவா இருக்கக் கூடாது."

ரோட்னி எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "இது எங்கப்பா கட்டின பேரு. அதுமேல ஒரு பொட்டுக் கறை பட விடமாட்டேன்" என்றான்.

பெயர் தேர்வுக் குழு மூன்று நாள் கூடியது. பெயரில் எண் வரக் கூடாது, இடைக்கோடு கூடாது, மலிவாகத் தெரியக் கூடாது என்று ஜாரட் வெள்ளைப் பலகையில் எழுதினான். உண்மையான பெயருக்கு முன்னால் ஒரு சின்ன வார்த்தையை ஒட்ட வேண்டும். ஹலோ ட்ரெகில்காஸ், ட்ரை ட்ரெகில்காஸ், கெட் ட்ரெகில்காஸ். "கோ ட்ரெகில்காஸ்" என்பதில் மட்டும் அரை நாள் போனது.

"அப்படிச் சொன்னா ட்ரெகில்காஸை வெளிய போன்னு சொல்ற மாதிரி இருக்கே" என்றேன்.

"அதுல ஒரு வேகம் இருக்கு" என்றான் ரோட்னி.

"உன் கல்யாண விருந்துல உன் மாமனார் இதையேதான் சொன்னாரு. அப்ப நீ வேகம்னு எடுத்துக்கல."

இப்படி இருபத்தாறு பெயர்கள் தேறின. ஆனால் எங்கள் நாட்டில் டாட் காம் டாட் ஏயூ என்று முடிகிற பெயரைப் போகிற வருகிறவர்கள் எல்லாம் வாங்கிவிட முடியாது. வியாபாரம் செய்பவர் என்பதற்கு ஏ.பி.என். என்ற பதினோரு இலக்க எண்ணைக் காட்ட வேண்டும், பெயருக்கும் வியாபாரத்துக்கும் ஒரு தொடர்பும் இருக்க வேண்டும். கம்பெனியிடம் அந்த எண் இருந்தது. ஜாரட் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"அதைப் போட்டா ஏதாவது தீப்பிடிச்சா புகை நேரா கோயிலுக்குப் போகும், மேட். வேற யாரோட எண்ணாவது வேணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் மார்மலேட், அதாவது ஆரஞ்சுத் தோல் ஜாம், விற்கிறேன். அதற்காகப் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏ.பி.என். எடுத்தேன், "நோலீன்ஸ் மார்மலேட்" என்று ஒரு டொமைனும் வாங்கினேன்.

"ஒரு ரெண்டு வாரத்துக்குத்தான், நோல்" என்றான் ரோட்னி. "வெறும் ஃபார்மாலிட்டி."

"நான் ஆரஞ்சுப் பழம் விக்கறவ. எனக்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"மார்மலேட் எதுல கொதிக்குது?" என்று கேட்டான் ஜாரட்.

"பாத்திரத்துல."

"பாத்திரத்துக்குள்ள?"

"தண்ணி."

"முடிஞ்சுது. தண்ணி சம்பந்தப்பட்ட தொழில்" என்று படிவத்தில் எழுதினான். கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டாய் என்று என் தங்கை இன்றைக்கும் கேட்கிறாள். முப்பத்தோரு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவளுக்குக் கையெழுத்துப் போடுவது பழக்கம்.

அடுத்தது, அனுப்புகிறவர் பெயர். ரோட்னியின் பெயரில் இருநூறு பேருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. என் பெயரில் அனுப்பியதற்கு நான்கு பதில் வந்தது, அதில் ஒன்று என்னோடு பள்ளியில் படித்த ஆள் போட்டது, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டு. ஜாரட் துள்ளிக் குதிக்காத குறை.

"நோலீன்கிற பேர்ல ஒரு நம்பிக்கை இருக்கு. இவங்க நம்மளை ஏமாத்த மாட்டாங்கன்னு ஜனங்க நினைக்கறாங்க. அதைத்தான் நாம பயன்படுத்திக்கணும்."

எல்லாக் கடிதத்துக்கும் அடியில் என் படம். கிறிஸ்மஸ் விருந்தில் எடுத்தது. தலையில் இருந்த காகிதக் கிரீடத்தை வெட்டியிருந்தார்கள், ஆனால் முழுசாக வெட்டவில்லை, இடது காதுக்கு மேலே ஒரு பச்சை முக்கோணம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டொமைனுக்கும் இரண்டு பெட்டி. மொத்தம் ஐம்பத்திரண்டு நோலீன்கள். அத்தனை கடவுச்சொல்லையும் என் கணினியிலேயே போட்டுக் கொடுத்தான் ஜாரட். யாராவது திட்டிப் பதில் போட்டால் படிக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா.

டொமைன்களுக்கு மூன்று சான்று வாங்க வேண்டும் என்று ஒரு வாரம் ஓடினார்கள். யார் யார் என் கடிதத்தைச் சுமந்து வரலாம் என்ற பட்டியல் ஒன்று. வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு முத்திரை ஒன்று. இந்த இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்ற உத்தரவு ஒன்று.

"ஆக, லெட்டர் நோலீன்கிட்ட இருந்துதான் வந்துதுன்னு உலகத்துக்கே நிரூபிச்சாச்சு" என்றான் ஜாரட்.

"அதை நான் எழுதவே இல்லையே."

"அதை எந்தச் சர்வரும் கேக்காது."

இதற்குப் பிறகு வந்ததைத்தான் என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. புது டொமைனிலிருந்து எடுத்த எடுப்பில் நிறையக் கடிதம் போகக் கூடாதாம். சந்தேகப்படுவார்களாம். மூன்று வாரம் அதைச் சூடேற்ற வேண்டும். எப்படி என்றால், ஐம்பத்திரண்டு நோலீன்களும் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வார்கள். ஒரு நோலீனின் கடிதம் ஸ்பேம் பெட்டியில் விழுந்தால் இன்னொரு நோலீன் அதைத் தூக்கி வெளியே எடுத்து, முக்கியம் என்று நட்சத்திரம் குத்துவாள். எல்லாம் இயந்திரம் செய்கிற வேலை. பார்க்கிறவர்களுக்கு, யரிம்பாவில் ஐம்பத்திரண்டு மரியாதையான பெண்கள் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்ற வேண்டும்.

நான் படித்துப் பார்த்தேன். "நோலீன், செவ்வாய்க்கிழமை நீங்கள் சொன்ன யோசனை பிரமாதம்." "நன்றி நோலீன், நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது." "உங்கள் உடம்பு இப்போது தேவலையா, நோலீன்?" முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் என் உடம்பைப் பற்றிக் கேட்டதில்லை. பித்தப்பையை எடுத்துவிட்டு வேலைக்கு வந்த நாளில் ரோட்னி கேட்டது, ஸ்டேப்ளர் எங்கே என்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வாரம் நான் அந்த நோலீன்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ரோட்னிக்கு இந்தச் சூடேற்றுதல் மிகவும் பிடித்துவிட்டது. வளர்ச்சிப் பிரிவு அறையில் குளிர்சாதனத்தை நிறுத்தி வைத்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஜாரட்டே சொல்லியும், எதற்கு வம்பு என்றான். வணிகர் சங்கக் காலை உணவில் எழுந்து, தன்னிடம் ஐம்பத்திரண்டு பேர் கொண்ட விற்பனை அணி இருப்பதாக அறிவித்தான். பிறகு அந்த அணிக்கு உற்சாகம் ஊட்ட வேண்டியது தன் கடமை என்று அவனுக்குத் தோன்றியது. தினமும் காலை எட்டு மணிக்கு, கோயிலிலிருந்து, அதாவது கம்பெனியின் மெயின் டொமைனிலிருந்து, "காலைக் கனல்" என்ற தலைப்பில் ஐம்பத்திரண்டு நோலீன்களுக்கும் ஒரு கடிதம் போட ஆரம்பித்தான். "நோலீன், இன்று நீ ஒரு சிங்கம்" என்று தொடங்கும். எனக்கு, அசல் நோலீனுக்கு, அந்தக் கடிதம் வரவில்லை. நான் வளர்ச்சிப் பிரிவில் இல்லை.

மார்ச் மாதம் அனுப்ப ஆரம்பித்தார்கள். தலைப்பு "ஒரு சின்னக் கேள்வி". பதில் போடாதவருக்கு மூன்றாம் நாள் "இதை மேலே தள்ளிவிடுகிறேன்". ஏழாம் நாள் "உங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை, ஆனால்". ஷையர் நீச்சல் குளத்துக்கு ஒரு நோலீன் எழுதினாள், "உங்களிடம் போதுமான தண்ணீர் இருக்கிறதா?" ஈமச்சடங்கு நிறுவனத்துக்கு ஒருத்தி, "உங்கள் வாடிக்கையாளர்கள் அடுத்த கோடைக்குத் தயாரா?" ஒருத்தி எனக்கே எழுதினாள், "வணக்கம் நோலீன், ட்ரெகில்காஸ் டேங்க்ஸில் தண்ணீர்த் தொட்டி தேவைப்படுகிறதா?" அதை நான் திறந்து படித்தேன் என்று திரையில் பார்த்துவிட்டு ஜாரட் உள்ளேயிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ஐந்தாவது கடிதம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. "நீங்கள் பதில் போடாததைப் பார்த்தால் முதலை விழுங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது." அமெரிக்காவில் இந்த வேடிக்கை நன்றாக வேலை செய்கிறதாம். ஜாரட் இதை வடக்கே, முதலை நிஜமாகவே இருக்கிற ஆற்றங்கரை ஊர்களுக்கும் அனுப்பிவிட்டான். ஒரு வியாழக்கிழமை ஒரு பெரியவர் போன் செய்தார்.

"நோலீன்ங்கறது நீதானாம்மா?"

"ஆமா."

"நாயைத்தான் புடிச்சுது. நான் இருக்கேன்."

நாயின் பெயர் பிஸ்கட், பதினாலு வயது, காது கேட்காது என்றார். பிறகு, "விசாரிச்சதுக்கு நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் கேலி செய்யவில்லை. நான் நிஜமாகவே கேட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

ஊரில் என் பெயர் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். இறைச்சிக் கடையில் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து ஒரு குரல், "நோலீன், ஒரு சின்னக் கேள்வி" என்னும். எல்லோரும் சிரிப்பார்கள். புல்தரையில் பந்து உருட்டும் விளையாட்டுச் சங்கத்தில், "வாங்க நோலீன். எத்தனாவது நோலீன்?" என்பார்கள். முன்பெல்லாம் தெருவில் நிறுத்தித் தவளையைப் பற்றிச் சொல்கிறவர்கள், இப்போது எதிர்ப் பக்கம் கடந்து போனார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மே மாதம் நடந்தது.

கண்காட்சிக்கு ஜாம் பிரிவின் விதிகளையும் படிவத்தையும் பதினோரு வருடமாக என் மார்மலேட் டொமைனிலிருந்துதான் அனுப்புகிறேன். இந்த வருடமும் மூன்று முறை அனுப்பினேன். பதிவு கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். நூற்று நாற்பது பாட்டில் வருகிற இடத்தில் ஆறு வந்தது. அதில் இரண்டு என் தங்கையுடையவை. மெர்வ் பக்கத்தில் வந்து நின்றார்.

"நோலீன், யாருக்கும் படிவம் வரலையாம்."

"மூணு தடவை அனுப்பினேன், மெர்வ். தேதியோட காட்டறேன் பாரு."

"நீ அனுப்பினது வேற, அவங்களுக்கு வந்தது வேற. வரலைன்னா வரலைதான். மண்டபம் காலியாக் கிடக்கு. குழு என்னைக் கேக்குது."

"பதினாறு வருஷம், மெர்வ்."

"தெரியும். அதனாலதான் நானே வந்து சொல்றேன்." சட்டையில் குத்தியிருந்த பிரிவுத் தலைவி பட்டையை நானே கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காலி மேசைகளின் மேல் ஸ்கோன் ரொட்டிப் பிரிவைப் பரப்பச் சொன்னார்.

மறுநாள் காலை ஜாரட்டிடம் கேட்டேன், என் மார்மலேட் டொமைனிலிருந்து ஏதாவது அனுப்பினாயா என்று. அவன் மறைக்கக்கூட இல்லை.

"அது தங்கம், நோலீன். உங்க கணினியிலயே அதோட கடவுச்சொல்லும் இருந்துச்சு. பதினோரு வருஷம் பழுத்த டொமைன், ஒரு புகார் கிடையாது. புது டொமைனெல்லாம் காய். இந்த மாதிரி ஒண்ணு கையில இருந்தும் அனுப்பலைன்னா என் தொழிலுக்கே அவமானம். ஒரே வாரத்துல நாப்பதாயிரம் போச்சு. பாவம், எரிஞ்சுடுச்சு."

"அது என்னோடது."

"இந்தத் தொழில்ல டொமைனுக்காக அழக் கூடாது. எரியறதுக்குத்தான் வாங்கறோம்."

"இதை எரியறதுக்கு நான் வாங்கலையே."

ரோட்னியிடம் போனேன். மெர்வுக்கு ஒரே ஒரு கடிதம் எழுது, தப்பு உங்களுடையது என்று, அது போதும் என்றேன். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"எழுத்துல கொடுத்தா கம்பெனி ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், நோல். எங்கப்பா பேரு இருக்கு. அதுமேல கறை பட விடக் கூடாதுன்னுதானே இதையெல்லாம் உங்க பேர்ல பண்ணினோம்?"

"என் பேரு கெட்டுப் போச்சு, ரோட்னி."

"கெட்டுப் போகலை. பரவியிருக்கு. முன்னாடி உங்களை யரிம்பாவுல மட்டும்தான் தெரியும்."

கடைசியில், போனால் போகட்டும் என்று, ஜாரட்டை விட்டு மெர்வுக்கு ஒரு வருத்தக் கடிதம் அனுப்ப வைத்தான். முப்பத்தோராம் நோலீனின் பெட்டியிலிருந்து. அது ஸ்பேமில் விழுந்தது. மூன்றாம் நாள், "இதை மேலே தள்ளிவிடுகிறேன்" என்று ஒன்று போனது. அதுவும் விழுந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. டொமைன் பதிவு செய்கிற இடத்துக்குப் போன் செய்து, இந்த இருபத்தாறு பெயரும் யாருடையது என்று கேட்டேன். அந்தப் பெண் பதினோரு இலக்கத்தையும் சரிபார்த்துவிட்டு, "உங்களோடதுதாங்க. வேற யார் பேரும் இதுல இல்லை" என்றாள். நான் திரும்பவும் கேட்டேன், கேட்க நன்றாக இருந்தது என்பதற்காக.

பெயர் என்னுடையது, பெட்டிகள் என்னுடையது, கடவுச்சொல் என் கணினியில். ஜாரட் சூடேற்றி முடித்துவிட்டதால் இயந்திரத்தை நிறுத்தியிருந்தான், நோலீன்கள் இப்போது ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆனால் காலைக் கனல் மட்டும் எட்டு மணிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. கோயிலிலிருந்து, ஐம்பத்திரண்டு பேருக்கு.

மறுநாள் காலை எட்டே காலுக்கு ஒரு பெரிய கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்தேன். முதல் நோலீனின் பெட்டியைத் திறந்தேன். "நோலீன், இன்று நீ ஒரு சிங்கம்." இந்தக் கடிதம் எனக்கு வேண்டுமா என்று மனசாட்சியைத் தொட்டுக் கேட்டுப் பார்த்தேன். வேண்டாம். ஸ்பேம் என்று அமுக்கினேன். இரண்டாம் நோலீனையும் கேட்டேன், அவளுக்கும் வேண்டாமாம். ஐம்பத்திரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருத்திக்கும் வேண்டாம். பதினெட்டு நிமிடம் ஆனது.

ஆயிரத்தில் மூன்று பேர் போதும் என்று சொன்னவன் ஜாரட்தான். கம்பெனியின் மெயின் டொமைனிலிருந்து ஒரு நாளைக்குப் போவது எண்பது தொண்ணூறு கடிதம். அதில் ஐம்பத்திரண்டு.

மூன்று வாரம் விடாமல் செய்தேன். சூடேற்றவும் மூன்று வாரம்தானே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் காய்ச்சல், அப்போதும் போர்வையோடு வந்து அமுக்கிவிட்டுத்தான் படுத்தேன். ரோட்னி ஒருமுறை என் மேசையைக் கடந்து போகும்போது, "இப்பெல்லாம் காலையில சுறுசுறுப்பா இருக்கீங்களே, நோல்" என்றான். உன் கடிதங்களால்தான் என்றேன். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குள் மழை நின்றிருந்தது. புல் காய ஆரம்பித்தது. காட்டுத்தீக் காலத்துக்கு முன்னால், ஷையர் முழுவதும் உள்ள தீயணைப்பு நிலையங்களுக்கு நாற்பத்தெட்டு பெரிய தொட்டி வாங்கக் கவுன்சில் முடிவு செய்தது. விற்க விரும்பும் கம்பெனிகள் விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், கடைசி நேரம் ஜூலை பதினைந்து, மாலை நான்கு மணி. மூன்று வருட மழைக்கு அப்புறம் கம்பெனி நிமிர்வதற்கு இருந்த ஒரே வழி அது. ரோட்னி நாற்பது பக்கம் எழுதினான். இவ்வளவு முக்கியமான கடிதத்தைக் கோயிலிலிருந்துதான் அனுப்ப வேண்டும் என்று தானே உட்கார்ந்து, இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பினான். எல்லோருக்கும் லாமிங்டன் வாங்கித் தந்தான். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் தேதி மெர்வ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வேறு வேலையாக வந்தவர், போகிற போக்கில் கேட்டார், இத்தனை வருடமாக இருக்கிற கம்பெனி ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று. ரோட்னியின் முகம் மைதா மாவாகிவிட்டது. அனுப்பியதைத் தேதியோடு அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினான். மெர்வ் அங்கேயே போனில் கவுன்சிலின் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தார். இருந்தது.

"பாத்தீங்களா? இருக்கே. அப்ப வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்றான் ரோட்னி.

மெர்வ் விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனார். இன்னும் கீழே. ஓர் இடத்தில் விரல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். என் ஜாம் பிரிவு விதிகள், ஒரு பிரதி கண்காட்சித் தலைவருக்கு என்று கவுன்சில் முகவரிக்கு நான் போட்டது, மூன்றும் அதே பெட்டியில் தேதி வரிசையில் கிடந்தன. மூன்றும் கடைசி நாளுக்கு வெகு முன்னால் வந்தவை.

ஜாரட் கூட அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ரோட்னி, ஸ்பேம்ல கிடந்தா வரலைன்னுதான் கணக்கு" என்றார் மெர்வ். "மே மாசம் இந்தம்மா பட்டையை நான் இதைச் சொல்லித்தான் கழட்ட வெச்சேன். உனக்காக இப்ப மாத்தினா இவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"மெர்வ், இது ஜாம் பாட்டில் விஷயம் இல்ல. இது எங்க கம்பெனி."

"நீ அனுப்பினது வேற, எங்களுக்கு வந்தது வேற. வரலைன்னா வரலைதான்."

அந்த வாக்கியத்தை நான் மே மாதத்திலிருந்து மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவனுக்குச் சொல்லப்படுகிறபோது அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாசல் வரை போன மெர்வ் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அடுத்த வருடம் ஜாம் பிரிவுக்கு நான் வர வேண்டும் என்றார். யோசிக்கிறேன், கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பு என்றேன். அவரும் அனுப்பினார், பதிவுத் தபாலில்.

வெள்ளிக்கிழமை நான் வேலையை விட்டேன். இருபத்தாறு பெயரையும் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது ஹலோ ட்ரெகில்காஸ் என்று யார் தட்டினாலும் என் மார்மலேட் பக்கம் திறக்கிறது. ட்ரை ட்ரெகில்காஸ் என்று தட்டினாலும் அதேதான். கோ ட்ரெகில்காஸை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. பிஸ்கட்டை இழந்த அந்தப் பெரியவருக்கு ஆறு பாட்டில் அனுப்பி வைத்தேன், கையால் ஒரு கடிதமும் எழுதி.

ஜாரட் போன வாரம் பக்கத்து ஊர் வேலிக் கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. ரோட்னி எனக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறான், பெயர்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. எல்லாம் ஸ்பேம் பெட்டியில்தான் விழுகின்றன, நான் ஒன்றும் செய்யவில்லை, அவையாகவே விழுகின்றன. ஞாயிறு தோறும் சந்தையிலிருந்து வந்து படிப்பேன். முதல் கடிதத்தின் தலைப்பு, "ஒரு சின்னக் கேள்வி, நோல்". இரண்டாவது, இதை மேலே தள்ளிவிடுகிறேன் என்றது. மூன்றாவதும் நான்காவதும் அவன் அப்பாவின் பெயரைப் பற்றி. ஐந்தாவது நேற்று வந்தது.

"நோல், பதிலே இல்லையே. உங்களை முதலை விழுங்கிவிட்டதா?"

நான் இருக்கிறேன், ரோட்னி. முதலையின் வயிற்றுக்குள் கிடப்பது யார் என்று நீயே தடவிப் பார்த்துக்கொள்.